தானாக ஓடி வந்த கற்பூரத் தட்டு

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் சிலருக்குப் பொறுமை வரும், சிலருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். இந்த இரண்டாவது ரகத்திடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த ரகம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பெட்டிகளைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் செய்கிற கம்பெனியில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெல்ட்டை இயக்கும் புரோகிராம் எழுதுவது என் வேலை. மோட்டார், விளக்கு, ஹாரன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். கரண்ட் வந்ததும் அவற்றை எழுப்பிவிட, ஒவ்வொன்றின் பெயரையும் மெயின் ஃபைலில் நாம்தான் எழுத வேண்டும். நான் தவறாமல் ஒன்றை மறப்பேன். மேனேஜர் தவறாமல் திட்டுவார்.

அதனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு முறை பில்ட் செய்யும்போதும், அதாவது ஃபைல்களை ஒரே புரோகிராமாகக் கோக்கும்போதும், அது ஃபோல்டருக்குள் புகுந்து, இருக்கிற ஃபைல்களையெல்லாம் பார்த்து, எழுப்பிவிடும் வரிகளைத் தானே எழுதிவிடும். மனிதக் கையே படாது! (என் கை படாமல் இருந்ததே பெரிய விஷயம்.) பக்கத்து சீட் பாஸ்கரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"ஃபோல்டர்ல கீற எல்லாத்தையும் எடுத்துக்குமா?"

"எல்லாத்தையும்!"

"பாத்துமா, பேஜாரா பூடப் போவுது."

பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் சென்னையிலிருந்து கஸ்டமர் டிரையல் பார்க்க வந்தார். மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். "இன்னிக்கி மெஷின் பாஸாச்சின்னா நீ பர்மனென்ட்டு. இல்லன்னா உன் ஊரு ஊத்துக்கோட்டைக்கு பஸ்ஸு எப்பன்னு இப்பவே கேட்டு வெச்சிக்கோ."

எங்கள் கம்பெனியில் புது மெஷினுக்குக் கற்பூரம் காட்டாமல் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் தேங்காய், பொரி, எரியும் கற்பூரத்தோடு தட்டை பெல்ட் மேலேயே வைத்துவிட்டார். எடுத்துவிடலாமா என்று மேனேஜர் என்னிடம் கேட்டார்.

"பச்சை பட்டனை அழுத்துற வரைக்கும் பெல்ட் அசையாது சார். நான் கேரண்டி." (அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை இன்றுவரை வேறெங்கும் நான் உபயோகித்ததில்லை.)

கரண்ட் கொடுத்தார்கள்.

ஹாரன் பம்பை மேளம் அடிப்பதுபோல் தாளம் போட்டது. சிவப்பும் மஞ்சளுமாய் விளக்குகள் மாறி மாறி மின்னின. பெரியபாளையம் ஆடித் திருவிழாவே உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கற்பூரத் தட்டு ஒய்யாரமாக நகர்ந்து, பெல்ட்டின் கடைசியில் நின்றிருந்த கஸ்டமரை நோக்கிப் போனது.

பாவம், அவர் பக்திமான். எதிரே கற்பூரம் வந்ததும் யோசிக்காமல் இரண்டு கைகளையும் நீட்டி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணைத் திறப்பதற்குள் தேங்காய் அவர் ஷூவின் மேல் விழுந்தது.

எமர்ஜென்சி பட்டன் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. பாஸ்கர்தான் பாய்ந்து அழுத்தினான்.

"இன்னாமா இது?" என்றார் மேனேஜர்.

"ஆயுத பூஜை சார்," என்று பாஸ்கர் முந்திக்கொண்டான். போன ஆயுத பூஜைக்கு, ஹாரன், விளக்கு, பெல்ட் எல்லாம் சேர்ந்து ஆட அவன் விளையாட்டாக எழுதிய ஃபைல் அது. ஃபோல்டரிலேயே விட்டுவிட்டான். யாரும் எழுப்பாததால் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அத்த யாரு கூப்ட்டது?"

"என் ஸ்கிரிப்ட் சார்," என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அந்த ஃபைலைத் தூக்கிவிட்டு மறுபடி பில்ட் செய்தோம். இந்த முறை பெல்ட் சாதுவாக ஓடியது. கஸ்டமர் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாஸ் செய்தார். நான் பர்மனென்ட் ஆனேன். பாஸ்கரும் என் வாழ்க்கையில் பர்மனென்ட் ஆனது தனிக்கதை.

எங்கள் கல்யாணத்துக்கு யார் பத்திரிகை வைப்பது என்று பேச்சு வந்தபோது அவன் என் அப்பாவிடம், "மாமா, உங்க பொண்ணு கையில மட்டும் குட்த்துடாதீங்க. தெருவுல கீற எல்லா ஊட்டுக்கும் வெச்சிட்டு வந்துடும்," என்றான். இன்றும் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் பத்திரிகை என் கைக்கு வருவதில்லை.

ஆனால் அன்று ஒன்றை மட்டும் நைசாக எடுத்துக்கொண்டு போய் அந்தக் கஸ்டமருக்கு வைத்தேன். மனுஷன் வந்தார். மண்டபத்தில் என் சித்தி கற்பூரத் தட்டை நீட்டினாள். அவர் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, குனிந்து தட்டின் அடியில் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.