முழு வேகத்தில் ஒரு பட்டிமன்றம்

இந்தப் பொங்கலுக்கு என் மனைவியை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் அல்ல. அங்கே பதினேழு வருடமாக முயன்று பார்த்தாயிற்று. இது மேடையில், மைக்கில், ஊரே பார்க்க.

எங்கள் காலனி விழாவில் பட்டிமன்றம். 'குடும்ப லாரியை ஓட்டுவது கணவனா, மனைவியா?' நாமக்கல்லில் வேறு என்ன தலைப்பு வைப்பார்கள்? கணவன் அணிக்கு நான். மனைவி அணிக்கு என் மனைவி மைதிலி. நடுவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பூபதி அண்ணன்.

வீட்டில் தனி ஒப்பந்தம் வேறு. நான் ஜெயித்தால் விடுமுறைக்கு மேட்டூர். அணைக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து மீன் வறுவல். அவள் ஜெயித்தால் ஜலகண்டாபுரம். அவளுடைய அண்ணன் வீடு. அவர் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்கு வாழ்க்கையை விளக்குவார். என் வெறி இப்போது புரிகிறதா?

எனக்குக் கண் தெரியாது. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியன். லேப்டாப்பில் நான் அடிப்பதை ஸ்க்ரீன் ரீடர் என்கிற மென்பொருள் படித்துக் காட்டும். அதற்குப் பெண் குரல். ஆக, வீட்டில் இரண்டு பெண் குரல்கள். ஒன்று, கன்ட்ரோல் கீயைத் தொட்டால் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்றுக்கு அந்தக் கீ எங்கே இருக்கிறது என்று இன்னும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பட்டிமன்றப் பேச்சை எழுதும்போது மைதிலி எட்டிப் பார்த்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். திரையை முழுக்க இருட்டாக்கும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. இருட்டாக்கினேன். எனக்கென்ன நஷ்டம்? படிக்கும் வேகமோ எப்போதுமே உச்சத்தில்தான். பழகிய காதுக்குத்தான் அது தமிழ். மற்றவர்களுக்கு எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்.

அந்தத் தைரியத்தில் வீட்டில் இயர்போன் மாட்டுவதே இல்லை. சமையலறை வாசலிலேயே நாற்காலியைப் போட்டு, எதிரியின் காதில் என் ரகசியத்தை ஓடவிட்டேன். அந்தச் சுகம் இருக்கிறதே, அடடா!

பக்கத்து வீட்டு நல்லம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஊட்டுக்குள்ளயே போர் போடறீங்களா?"

"போர்தானுங்க. தண்ணிக்கு இல்ல, வெற்றிக்கு!"

"கேக்கறவங்களுக்கும் போர்தானுங்க" என்றாள் மைதிலி, உள்ளே இருந்து.

"உனக்கு ஏதாச்சும் புரியுதா?" என்று நைசாகக் கேட்டேன்.

"எனக்கு என்னத்தங்க புரியப்போவுது? நா வெங்காயம் உரிக்கறேன். நீங்க ஓட்டுங்க."

பாவம் என்று நினைத்தேன். என் பேச்சின் பிரம்மாஸ்திரம் அப்போதுதான் ஓடியது. 'கணவன் டிரைவர். மனைவி ஹாரன். சத்தம் வரும், வண்டி நகராது!' எழுதும்போதே நான் கைதட்டிக்கொண்ட வரி. ஆசை தீராமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மேட்டூர் மீன் வாசம் அடித்தது.

விழா நாள். லேப்டாப்போடு மேடை ஏறினேன். ஒரு காதில் இயர்போன். முதலில் மைதிலியைக் கூப்பிட்டார்கள்.

"நடுவர் அவர்களே! எங்கூட்டுக்காரரு இப்ப வந்து, பொண்டாட்டி வெறும் ஹாரன், சத்தம் வரும், வண்டி நகராதும்பாரு. ஹாரன் இல்லாத லாரிய ராசிபுரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போவச் சொல்லுங்க பாக்கலாம்!"

விசில் பறந்தது. அவசரமாகக் கீழ் அம்புக்குறியைத் தட்டினேன். அடுத்த வரி, 'கணவனே குடும்பத்தின் டீசல்.'

"அப்பறம், நாந்தான் டீசலும்பாரு. செரிதானுங்க. நாள் பூராம் பொகைஞ்சுக்கிட்டுத்தான இருக்கறாரு!"

இன்னொரு தட்டு. வரலாற்று ஆசிரியனுக்கு வரலாறுதான் துணை. அசோகர்.

"அசோகரு மரம் நட்டாருன்னு ஆரம்பிப்பாரு. நட்டுப்போட்டுப் போயிட்டாருங்க. தண்ணி ஊத்துனது யாருன்னு கேளுங்க!"

பெண்கள் பக்கம் நாற்காலிகள் அதிர்ந்தன. பூபதி அண்ணன் மணி அடிக்க மறந்து சிரித்தார்.

என் முறை வந்தது. எழுந்தேன். ஒரு தட்டு, அதைச் சொல்லிவிட்டாள். மறு தட்டு, அதையும் சொல்லிவிட்டாள். கடைசி வரி வரை தட்டிப் பார்த்தேன். மிஞ்சியது இரண்டே சொல்.

"வணக்கம். நன்றி."

பூபதி அண்ணன் மைக்கைப் பிடித்தார். "வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவால இருந்ததையெல்லாம் அம்மணி பேசிப்போட்டாங்க. வண்டிய ஓட்டறது மனைவிதானுங்க!"

காலனியே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அவமானமாக இருந்தது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள் என்று பெருமையாகவும் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எவன் சொன்னான் உனக்கு?"

"நீங்கதானுங்க. தெனமும், சமையக்கட்டு வாசல்ல."

"அந்த வேகத்துல யாருக்கும் புரியாதே!"

"கலியாணம் ஆனதுலருந்து அதயேதானுங்க கேட்டுக்கிட்டு இருக்கறேன். உங்க சிநேகிதருக்கு என்னயப் பத்தி அழுது எழுதறது, எங்கண்ணனுக்கு வெச்ச பட்டப்பேரு, எல்லாந் தெரியும்."

"இத்தன நாளா ஏம் புள்ள சொல்லல?"

ஜலகண்டாபுரத்துக்குத் துணி மடித்தபடியே சொன்னாள்.

"சொன்னா நிறுத்திப்போடுவீங்கல்லங்க? வேல செய்யறப்ப எனக்கும் பொழுது போவோணும். ஏனுங்க, அது இன்னுங் கொஞ்சம் வெசையா ஓடாதுங்களா? இந்த வேகத்துல கேட்டா கொட்டாவி வருது."