சோளகத்துக்கு ஒரு கியர்

மேடு என்று சொல்ல ஒரு மண்குவியல்கூட இல்லாத புங்குடுதீவில், சைக்கிளுக்குக் கியர் இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் கியர் அண்ணைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தீவின் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது அவருக்கே தவிர, அவருடைய இடது கைக்கு அல்ல. பஸ் கியரைப் பிடித்துப் பழகிய அந்தக் கை எங்கே இருந்தாலும் எதையோ தேடும். ஒருநாள் சாப்பிடும்போது பக்கத்திலிருந்த அகப்பையை இரண்டாம் கியரில் போட்டுவிட்டார். மீன்குழம்பு முழுவதும் குசினி நிலத்தில். மனைவி மணி அக்கா மூன்று நாள் கதைக்கவில்லை.

பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் பழங்காலப் பந்தயச் சைக்கிளில் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியைத் தள்ளி, செயினைச் சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரியதுக்கு மாற்றினார். அவ்வளவுதான், அண்ணையின் கைக்கு வேலை கிடைத்துவிட்டது.

பின்சில்லில் இரண்டு பல்சக்கரம், நீளமாய் ஒரு கம்பி, செயினைத் தள்ள ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் வந்தது அவருடைய வீட்டுக் கக்கூசுக் கதவிலிருந்து. அதன்பின் அந்த வீட்டில் உள்ளே போகிறவர் விடாமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும்.

கியர் மாற்றுவதென்றால் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, மற்றக் கையை இருக்கைக்குப் பின்னால் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே கம்பியைத் தள்ள வேண்டும். தூரத்தில் பார்த்தால், ஒரு மனிதர் முதுகு சொறிந்தபடி போன வழியே திரும்பி வர முயல்வது போல இருக்கும்.

“இந்தத் தட்டைத் தீவிலை கியர் எதுக்கண்ணை?” என்று கேட்டேன்.

“மலை இல்லைத்தான். சோளகக் காத்து ஆர், உம்மடை மாமனோ? குறிகட்டுவான் பக்கம் அதுக்கு எதிரை ஒருக்கா மிதிச்சுப் பாரும்!”

கனடாவிலிருந்து வந்த மருமகன் அவமானம் தாங்காமல் ஒரு நவீன சைக்கிளை வாங்கிக் கொடுத்தான். “பொத்தானை அமத்தினாக் காணும் மாமா.” அண்ணை சந்தி வரை ஓடிவிட்டு வந்தார்.

“நல்ல சாமான். அமத்தினா டிக் எண்டுது. டிக் எண்டாப் பிறகு எனக்கு அங்கை என்ன வேலை? உள்ளுக்கை என்ன நடக்குதெண்டும் தெரியேல்லை.”

அந்தச் சைக்கிள் இப்போது மணி அக்காவுக்குச் சீலை காயப்போட உதவுகிறது.

நானும் சிரித்தவன்தான், என் சின்னம்மாவின் மகனுக்கு நெடுந்தீவில் கலியாணம் நடக்கும்வரை. பத்தர் கடைசி நேரத்தில்தான் தாலிக்கொடியை முடித்துத் தந்தார். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். புங்குடுதீவுக்குள் வந்ததும் பஸ் இருமியது, பிறகு நின்றே விட்டது. நெடுந்தீவுப் படகுக்கு நேரமாகிவிட்டது. அது போனால் முகூர்த்தமும் போகும். தெருவில் நின்று பதறுகிறேன், கியர் அண்ணை வந்து சேர்ந்தார்.

“ஏறும் கரியரிலை!”

ஏறினேன். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. அண்ணை கையைப் பின்னால் விட்டார். அகப்பட்டது என் தொடை.

“அண்ணை, கம்பி என்ரை காலுக்குக் கீழை!”

“அப்ப நீர்தான் போட வேணும். நான் சொல்லேக்கை தள்ளும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. போடும்!”

தள்ளினேன். செயின் கழன்று விழுந்தது.

“அதுதான் முந்திறது,” என்றார் அமைதியாக.

இறங்கிப் பார்த்தேன். எல்லாம் வெளியிலேயே தெரிந்தது. செயின் எங்கே நழுவியது, தாழ்ப்பாள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கே விளங்கியது. விரலால் மாட்டிவிட்டு ஏறினேன்.

“போடும்!”

கிறீச்சென்று செயின் பெரிய சக்கரத்தில் ஏறியது. பெடல் இலகுவானது அண்ணையின் மூச்சிலேயே தெரிந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் தாலிக்கொடி மறந்துபோயிற்று.

“இன்னொருக்கா மாத்துவமோ அண்ணை?”

அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது.

குறிகட்டுவானில் படகு இன்னும் நின்றது. “பாத்தீரோ, கியர்!” என்று மூச்சுவாங்கக் கத்தினார். நான் பாய்ந்து ஏறினேன்.

படகு கரையைவிட்டு விலகியதும் படகுக்காரர் என் பக்கம் குனிந்தார். “எஞ்சின் பழுதெண்டு சொல்லிச் சனத்தை மறிச்சு வைச்சிருந்தனான். தூரத்திலையே கியர் அண்ணையின்ரை சைக்கிளைக் கண்டிட்டன். பஸ் ஓடின காலத்திலை படகு பிந்தினா எங்கடை சனத்தை விட்டிட்டுப் போகாத மனுசன். இண்டைக்கு நாங்கள் நிண்டம்.”

கலியாணம் முடிந்து பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

“படகு வெளிக்கிட முந்தியே போய்ச் சேந்திட்டம் என்ன?” என்றார்.

“ஓமண்ணை. அவங்கள் எஞ்சினையே தொடேல்லை. கியர் இல்லாட்டி ஏலாது.”

“கேட்டியோ!” என்று குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். மணி அக்கா எனக்கு இரண்டாவது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

எஞ்சின் பழுதாகவேயில்லை என்பது அன்று படகிலிருந்த அத்தனை பேருக்கும் கரை சேருமுன்பே தெரிந்துவிட்டது. இன்றுவரை ஒருவரும் அவரிடம் வாய் திறக்கவில்லை.