பூஸ்டர் ஃபேன் போட்ட புண்ணியவான்

வீட்டுக்கு ஒருவராவது இருக்கும் இனம் ஒன்று உண்டு. 'நானே பார்த்துக்கறேன்' இனம் என்று அதற்குப் பெயர். குழாய் ஒழுகினாலும், கதவு கிறீச்சிட்டாலும், ஃப்ரிட்ஜ் முனகினாலும், வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடலாமே என்று யாராவது வாயெடுத்த மறுகணம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கெடுதல் நினைக்காத ஜீவன்கள்தான். ஆனால் அவர்கள் தொட்டது எதுவும் பழையபடி இருக்காது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பொருளோடு வரும் செய்முறைக் காகிதத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். வேலை முடிந்ததும் நாலு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் எப்பவும் கூடத்தான் கொடுப்பான்" என்று அவற்றை டப்பாவில் போட்டு வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வேலை கெட்டுப்போனால் டார்ச் பிடித்தவர்தானே காரணம்?

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? அந்த இனத்துக்கு எங்கள் தெருவில் தலைவரே நான்தான்.

எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் ட்ரையர் இருக்கிறது. அதன் சூடான ஈரக்காற்று ஒரு நீளக் குழாய் வழியாகப் போய், பின்சுவர் ஓட்டையால் வெளியேற வேண்டும். ஒரு மாதமாகச் சரியாக வெளியேறவில்லை. ஒன்றரை மணி நேரம் சுற்றினாலும் துணி பிழிந்து போட்ட மாதிரியே இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் காலையில் சீருடை வேண்டும். பாதி காய்ந்த சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய், தும்மிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ஏங்க, மெக்கானிக்கை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிடலாமே."

"எதுக்கு? குழாய் நீளம், காத்தைத் தள்ளுற சக்தி பத்தல. நடுவுல ஒரு பூஸ்டர் ஃபேன் போட்டா எல்லாம் பறந்துடும். நானே பார்த்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயை நடுவில் அறுத்தேன். அறுத்தது நாலு விரல் கூடிப்போனதால் ஒரு துண்டு வைத்து ஒட்டி, ஒட்டு விடாமலிருக்க டேப் சுற்றி, டேப் உரியாமலிருக்கக் கம்பி சுற்றி, ஃபேனைச் சொருகி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. பக்கத்தில் டார்ச்சோடு என் மனைவி.

"நேரா அடி. வெளிச்சமே வரல."

"உங்க தலைதான் நடுவுல இருக்கு."

மறுநாள் சீருடையை உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் உறுமியது. "பார்த்தியா?" என்றேன். அவள் பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடம் பிய்த்துக்கொண்டு, மூன்று வருடத்துத் துணிப் பஞ்செல்லாம் அறை முழுக்கக் கொட்டியது. தரை, அலமாரி, என் தலை, ஒன்று பாக்கியில்லாமல் வெளுத்தது. சீருடை மட்டும் அப்படியே ஈரமாக இருந்தது. அவள் இரண்டு முறை தும்மிவிட்டு போனை எடுத்தாள்.

சாயங்காலம் வந்த மெக்கானிக் என் ஃபேனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நேரே வீட்டுக்குப் பின்னால் போய், ஸ்டூலில் ஏறி, குழாயின் வாயைப் பார்த்தார். அங்கே பொடிக்கண் வலை ஒன்று. அதன்மேல் மெத்தை கனத்துக்குப் பஞ்சு.

"இந்த வலையை யாருங்க போட்டது? இங்க வலையே போடக் கூடாது. பஞ்சு அடைச்சிக்கும். தீப்பிடிச்சிருந்தாலும் ஆச்சரியமில்ல."

போட்டது நான்தான். போன வருடம், குருவி நுழையாமலிருக்க, ஆறு ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருந்தேன். தீ என்று கேட்டதும், ஸ்டூலைப் பிடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க போட்டிருப்பாங்க" என்றாள்.

வீட்டைக் கட்டியதே நாங்கள்தான். எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவை புல்லும் புதரும்.

"எதையும் தானே செய்யற ஆளு போல" என்றார் மெக்கானிக், ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே.

"ஆமா. ஆனா நல்ல மனுஷன்னு சொல்லுவாங்க" என்றாள் அவள்.

வலையை எடுத்து, ஃபேனையும் கழற்றிவிட்டு, குழாயைச் சுத்தம் செய்து புதிதாக இணைத்தார். நாற்பது நிமிடத்தில் சீருடை காய்ந்தது. அவள் அதை மடித்து வைக்கும்போது, என் வீம்புக்காக ஒரு மாதம் ஈரத்தை உடுத்திக்கொண்டு போனவள் இவள் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

சிரித்துக்கொண்டே படிக்கும் அன்பரே, ஒன்று கேட்கிறேன். நான் குழாயை அறுத்த இடத்தில், 'அங்கேயா அறுப்பான், நானாக இருந்தால்...' என்று உங்கள் மனம் லேசாக முணுமுணுத்ததா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் உங்களுக்காக யார் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.