மணப்பெண் கையெழுத்து

திருச்சபை மேலதிகாரியான ஆர்ச்டீக்கன் வந்து கோயில் பதிவேடுகளைப் பார்வையிட இன்னும் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. முப்பத்தொரு வருஷமாகத் தான் யாருடைய கணவன் என்பது கோயில் எழுத்தர் ஜெப்தா டக்கெட்டுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

பழைய திருமணப் பதிவேடு இரும்புப் பெட்டியில் கிடந்தது. அவர் எழுத்தராகி எட்டு வருஷம். அதைத் திறக்க வேலை வந்ததில்லை. இன்று தூசி தட்ட எடுத்தவர், ஆசையாகத் தன் கல்யாணப் பக்கத்தைப் புரட்டினார்.

மாப்பிள்ளை கையெழுத்து: ஜெப்தா டக்கெட். சரி.

மணப்பெண் கையெழுத்து: கெஸியா யோ.

சாட்சி: தாம்சின் யோ.

தாம்சின் அவர் மனைவி. கெஸியா மனைவியின் அக்கா; 'யோ' அவர்கள் பிறந்த வீட்டுப் பெயர். அவரைக் கண்டாலே மூக்கைச் சுளிப்பவள். அப்போதிருந்த எழுத்தருக்குக் கண் மங்கல். கவனித்திருக்க மாட்டார்.

ஜெப்தாவுக்கு வியர்த்தது. அந்தக் காலத்தில் தாம்சினை ஒரு கப்பல்காரனும் பெண் கேட்டிருந்தான். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது ஜெப்தா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவள் ஏன் தனக்குச் சம்மதித்தாள் என்பது இன்றுவரை அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை கேட்டால் அதே பதிலைச் சொல்வாளா?

கேட்கும் தைரியம் வரவில்லை. பேனா சீவும் கத்தியை எடுத்தார்.

கெஸியா பெயரின் மூன்றாவது எழுத்தைச் சுரண்டும்போது காகிதம் ஓட்டையானது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் கொல்லன் ஹன்னஃபோர்டின் கையெழுத்தைக் காணோம். ஏழு பிள்ளைகளோடு அவன் பிரம்மச்சாரியாகிவிட்டான்.

மாவுப் பசை காய்ச்சி ஓட்டையில் ஒட்டுப் போட்டார். பசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதற்குள் வாசலில் தாம்சினின் குரல்.

"ஜெப்தா! கறி அடைச்ச பேஸ்டி சுட்டுக் கொண்டாந்திருக்கேன், சூடா இருக்கு."

வேறு வழி தெரியாமல், விரித்தபடியே பதிவேட்டை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஏன் மனுஷா, எழுந்து வந்து வாங்கிக்க மாட்டியா?"

"கால் மரத்துப் போச்சு."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"ஐயோ, வைத்தியரைக் கூட்டிட்டு வரேன்!"

"வேண்டாம்!" பதறி எழுந்தார். பதிவேடும் கூடவே எழுந்தது.

தாம்சின் அவரைச் சுற்றிப் பின்னால் வந்தாள். கால்சட்டையிலிருந்து பதிவேட்டை மெல்ல உரித்தாள். பக்கத்தைப் படித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குருவானவர் லஸ்கம் உள்ளே வந்தார். அவரும் படித்தார்.

"ஓரத்துல திருத்தம் எழுதி, மூணு பேரும் என் முன்னால மறுபடி கையெழுத்துப் போடணும். கெஸியாவுக்கு ஆள் அனுப்பறேன்." பக்கத்தைத் திருப்பினார். "கொல்லனுக்கும்தான்."

குருவானவர் வெளியே போனதும் ஜெப்தா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தாம்சின், உனக்கு இஷ்டம் இல்லைன்னா போட வேண்டாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"முதல்ல பேஸ்டியைத் தின்னு. ஆறிப்போகுது."

இது சம்மதமா இல்லையா என்று தெரியாமலே அவர் மென்றார்.

கெஸியா கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள். "முப்பத்தொரு வருஷம் நான்தான் உம்ம பொண்டாட்டியாமே எழுத்தரே! நல்லவேளை, ஊருக்குத் தெரியாமப் போச்சு."

ஜெப்தா கையெழுத்துப் போட்டார். பேனாவை மைக்கூட்டில் ஆழமாக முக்கியிருந்ததால் விரலெல்லாம் மை. கெஸியா சாட்சி வரியில் போட்டாள். பேனா தாம்சினிடம் போனது. ஜெப்தா மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, முழுப் பெயரையும் எழுதினாள். அடியில் ஒரு கோடும் இழுத்தாள். பிறகு கைக்குட்டையால் அவர் விரலில் இருந்த மையைத் துடைத்தாள்.

ஜெப்தா மூச்சை விட்டார்.

"தப்பு எப்படி நடந்ததுன்னு காரணம் எழுதணும்," என்றார் குருவானவர். "அவசரத்துல வரி மாறிடுச்சுன்னு போடட்டுமா?"

"போடுங்க," என்றாள் தாம்சின் சட்டென்று. அவள் காது சிவந்திருந்தது.

"அவசரமா?" என்றாள் கெஸியா. "நல்லா இருக்கே! 'ஒரு வருஷம் இருந்து பார்க்கறேன்க்கா, சரிப்படலைன்னா வந்துடறேன், அதுவரைக்கும் என் வரியில நீ போட்டு வை'ன்னு இவதானே என் கையில பேனாவைத் திணிச்சா!"