ஓடிப்போனவனுக்கு ஒரு சாட்சி வேண்டும்

கோபன்ஹேகன்,
1889 அக்டோபர், புதன்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஒத்திலியா அக்காவுக்கு,

தம்பி ஆல்கோட் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவன் சௌக்கியமாக இருக்கலாமா என்று நீ கேட்பாய். இருக்கிறேன், என்ன செய்ய? அத்தானின் மூட்டுவலியும் உன் கோழிகளும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

எனக்கும் டெக்லாவுக்கும் சண்டை இல்லை என்பது உனக்குத் தெரியும். சண்டை போடவும் ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே! கல்யாணத்தன்று காப்பி ஆறுவதற்குள் பொத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியவன் நான். அன்று முதல் ஊர் ஊராகப் பொத்தான் விற்று, கிறிஸ்துமஸுக்கும் கோடைத் திருநாளுக்கும் வீட்டுக்குத் தலைகாட்டிவிட்டுப் போகிறேன். போன வசந்தத்தில் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்: "வந்தா விருந்தாளி, போனா கடுதாசி. புருஷன்னு ஒருத்தர் எப்பங்க வருவார்?" உட்கார்ந்து பேசினோம். விவாகரத்து என்று முடிவாயிற்று.

நம் ஸ்வீடன் சட்டத்தில் சண்டையில்லாத தம்பதிக்கு அது லேசில் கிடைக்காது. ஒருவர் மற்றவரைக் கைவிட்டு நாட்டைவிட்டே ஓடியிருக்க வேண்டும். ஆகவே கௌரவமான குடும்பங்களில் செய்வதுபோல நானும் படகேறி எல்லை தாண்டி இங்கே வந்து, திரும்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்வீடன் மண்ணில் கால் பட்டால் ஓடியது செல்லாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். மறுவாரமே எதிரே ஸ்வீடன் கரையிலுள்ள மால்மோ கடைக்காரர் ஒருவர் துக்க வீட்டுக்குக் கறுப்புப் பொத்தான் அவசரம் என்று தந்தியடிக்க, கை தானாகப் பெட்டியைத் தூக்கியது, கால் தானாகப் படகேறியது. மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டியதாயிற்று.

பிறகு சட்டம் கேட்கிறபடி நம் போதகர் பிரசங்க மேடையில் நின்று, மனைவியைக் கைவிட்டு ஓடிய ஆல்கோட் திரும்பி வரவேண்டும் என்று வாசித்தாராம். சபை முழுக்கச் சிரிப்பாம். கோயில் மணியடிக்கும் யோனாஸ் எழுந்து, "அவராவது ஓடறதாவது. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவார், என் சட்டைக்குப் பொத்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றானாம். கோர்ட்டிலும் எல்லாச் சாட்சியும் அதே பாட்டு. என் மாமியார்கூட மாப்பிள்ளை எப்படியும் வந்துவிடுவார் என்று சத்தியம் செய்திருக்கிறாள். ரத்த உறவில் ஒருவர் வந்து இவன் வரமாட்டான் என்று சொன்னால்தான் ஆயிற்று, இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

அந்த ரத்த உறவு நீதான் அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போய், என் தம்பி அயோக்கியன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வரவே மாட்டான் என்று சொல்லிவிடு. தயவுசெய்து சிரித்துவிடாதே. இது நடக்காவிட்டால் டெக்லா மிச்ச ஆயுளையும் ஜன்னலோரத்தில் கழிக்க வேண்டும்.

வழக்குக்காக இன்னொரு தாளில் என் கையெழுத்து வாங்க நேற்று அவளே வந்தாள். சனிக்கிழமைப் படகில் திரும்புவதாக ஒரு மெல்லிய சால்வையோடு வந்திருக்கிறாள். எனக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுச் சொந்தக்காரியம்மாளின் அறையில் படுக்கிறாள். எங்கும் நகராமல் ஒரே இடத்தில் கிடப்பதால் எனக்கு அடுப்பு மூட்டவும் காலுறை ஒட்டுப்போடவும் வந்துவிட்டது. இந்தத் தெரு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை. நான் போட்ட காப்பியை டெக்லா குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் அடுப்பு அணையாமலும் கோழிகள் நரிக்குத் தப்பியும் இருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
உன் அயோக்கியத் தம்பி
ஆல்கோட்

பி.கு.: இன்று ஞாயிறு. கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நேற்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு துறைவரை போனேன். படகு ஊதியது. டெக்லா நகரவில்லை. "விட்டுட்டு ஓடினப்புறந்தான் ஒரு இடத்துல இருக்கீங்க. இப்பப் போய் நான் எதுக்குங்க கிளம்பணும்?" என்றாள். படகு போய்விட்டது.

நான் திரும்ப மாட்டேன் என்பது இப்போதுதான் உண்மை. ஆனால் நீ கோர்ட்டுக்குப் போகாதே. ஊரில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவளுடைய குளிர்கால மேலங்கி மாட்டியிருக்கிறதாம், அதை உடனே அனுப்பி வை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் கல்யாணமான வருஷத்திலிருந்தே இல்லையாம். எனக்கு நேற்றுத்தான் தெரியும். நான் தைத்துக் கொடுக்கிறேன்.