வலப்பக்கத்து முள்புதர்

கொட்டகைக்குள் விளக்கு உடைந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுவிட்டது.

"ஹெக்டர்! அங்க என்ன உடைஞ்சுது?"

ஹெக்டர் கெடிஸ் கையில் கோல்ஃப் மட்டையோடு இருட்டில் நின்றார். வழுக்கைத் தலை முழுக்கக் கண்ணாடித் தூள்.

"ஒண்ணுமில்ல பீனி. எலி."

"எலி எப்பயிருந்து உத்தரத்துல தொங்குற விளக்கை உடைக்க ஆரம்பிச்சுது?"

"பெரிய எலி."

ஆயுசு முழுக்க ரொட்டி சுட்ட மனுஷன். ரொட்டி வேகும், பொய் மட்டும் வேகாது. ஆனால் உண்மையைச் சொல்ல முடியாத நிலைமை. பெண்டாட்டிக்குத் தெரியாமல் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய், ஒரு பயிற்சியாளனிடம் மட்டை பிடிக்கிற விதத்தைத் திருத்திக்கொண்டு வருகிறார். இங்கே போர்ட்கெல்லியில் தெரிந்தால் ஊரே சிரிக்கும். அவருக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளே பீனிதான்.

பீனியின் அப்பா கோல்ஃப் திடலில், முதல் குழிக்குப் பந்தடிக்கத் தொடங்கும் மேடையருகே ஒரு குடிசையில் உட்கார்ந்து, ஆட வருகிறவர்களை வரிசைப்படி அனுப்பி வைத்தவர். சர்ச்சிலும் மூப்பர். பழைய கப்பல் தொலைநோக்கி ஒன்றை ஜன்னலில் வைத்துக்கொண்டு, திடலில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. அவர் மகள் பீனி அளவுக்கு நேராக அடிக்கிற பெண் அந்தக் கரையோரத்தில் கிடையாது. அவளிடம் கற்றுக்கொண்ட ரொட்டிக்கடைப் பையன் ஹெக்டர் அடித்தாலோ, பந்து ஒழுங்காகக் கிளம்பி, நடுவானில் மனம் மாறி, வலப்பக்கம் வளைந்து முள்புதருக்குள் போய் விழும். கிழவர் தொலைநோக்கியை இறக்கிவிட்டுக் காறித் துப்புவார்.

கிழவர் போய்ச் சேர்ந்தார். பந்து மட்டும் மாறவில்லை. தம்பதிகள் போட்டியில் இருவருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்தால் அடுத்த அடி மற்றவருடையது. ஹெக்டர் புதருக்குள் அனுப்புவார். இருவருமாய்த் தேடுவார்கள். பீனி முள்ளுக்குள் நின்று அதை வெளியே எடுத்துப் போடுவாள். தாம்பத்தியம் இப்படியே கழிந்தது. கோப்பை ஒரு தடவைகூட வரவில்லை.

பந்தைத் தேட ஐந்து நிமிடம் என்றிருந்ததை மூன்றாகக் குறைத்து விதி மாறிய வருஷம், ஊரில் எவனும் கண்டுகொள்ளவில்லை. பீனி மட்டும் ஒரு வாரம் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள். தன் அடி அத்தனை மட்டம் என்பதால்தான் அவளுக்கு இத்தனை கோபம் என்று ஹெக்டர் கூனிக் குறுகினார்.

இப்போது அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை. அப்புறம் கோல்ஃப் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் தம்பதிகள் போட்டிதான் அவளுக்குக் கடைசி. அந்த ஒரு நாளாவது அவள் முள்ளுக்குள் நொண்டாமல், வெட்டிய புல்லில் மகாராணி மாதிரி நடக்க வேண்டும். கோப்பையைக் கையில் வாங்க வேண்டும். ஹெக்டருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

பயிற்சியாளன் பெயர் கேலம். சின்ன வயசு, பெரிய பல். முதல் நாளே ஹெக்டர் மட்டையைப் பிடித்த விதத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"ஐயா, இந்தப் பிடியை யார் சொல்லிக்குடுத்தது?"

"நானாப் பிடிச்சதுதான் தம்பி."

"சும்மா சொல்லாதீங்க. தானா இப்படிப் பிடிக்க வராது. இடது கை பூரா இடப்பக்கம் திரும்பியிருக்கு. வலது கை அதுமேல ஏறி உக்காந்திருக்கு. யாரோ மெனக்கெட்டுக் கெடுத்திருக்காங்க."

பீனியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "எங்கப்பா" என்றார் ஹெக்டர். அவர் அப்பா கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. பாவம், கல்லறையில் கிடந்தபடி பழியை வாங்கிக்கொண்டார்.

கேலம் இரண்டு கைகளையும் வலப்பக்கமாகத் திருப்பி வைத்தான். "குனிஞ்சு பாத்தா இடது கையில ரெண்டு விரல் முட்டி தெரியணும். ஒண்ணு தெரிஞ்சா பந்து புதருக்குப் போகும். இப்ப அடிங்க."

கற்றுக்கொடுக்கக் காசு வாங்குகிறவன் எவனையும் ஒரே நாளில் குணமாக்குவதில்லை. ஆக்கினால் மறுநாள் யார் வருவார்? ஹெக்டரின் பந்து அன்று வலப்பக்கம் போகவில்லை. இடப்பக்கம் சீறி, வேலியைத் தாண்டி, அந்த ஊர்ப் பாதிரியார் காரின் கண்ணாடியைத் தூளாக்கியது.

"அருமை!" என்றான் கேலம். "பிடி சரியாயிடுச்சு. மட்டை வர்ற பாதைதான் தப்பு."

"அதை நீயே போய்ப் பாதிரியார்கிட்ட சொல்லு."

கேலம் செல்போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினான். மட்டை வெளிப்பக்கமாக வந்து, பந்தைக் குறுக்கே அறுத்து, உடம்புப் பக்கம் போனது.

"அடுப்புலேருந்து ரொட்டியை இழுக்கிற மாதிரி இழுக்கிறீங்க."

"அதைத்தானப்பா காலம் பூரா செஞ்சேன்."

"இனிமே ரொட்டியை அடுப்புக்குள்ள தள்ளுங்க. உள்பக்கமிருந்து வெளிப்பக்கம்."

பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு பெட்டியை வைத்து, அதில் இடிக்காமல் வீட்டில் அடித்துப் பழகச் சொன்னான். பெட்டி இடிபடவில்லை. மட்டையை ஓங்கியபோது கொட்டகை விளக்குதான் இடிபட்டது.

எலி என்று சொன்னதற்குப் பலன் மறுநாளே வந்தது. பீனியின் அக்கா மேமி தன் பூனையைக் கூடையில் கொண்டுவந்து கொட்டகைக்குள் விட்டாள். அது எலியைத் தேடவில்லை. மட்டை தரையை உரசும்போதெல்லாம் அதன் நுனியின் மேல் பாய்ந்தது. ஹெக்டர் பூனையை அடிக்கிற மனுஷனில்லை. அதனால் பீனி சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அடுப்படிக்கு இடம் மாற்றினார். பெட்டிக்குப் பதில் ரொட்டித் தகரத்தைத் தரையில் வைத்து, உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் ஒரு வீசு. பாதை கச்சிதம். மேஜை மேலிருந்த மாமியார் காலத்துத் தேநீர்க் குடுவையும் அதே பாதையில் இருந்தது.

"பூனை தட்டிவிட்டுருச்சு" என்றார்.

மேமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பூனை தேநீர்க் குடுவைப் பக்கமே போகாது. குத்தவாளி இந்த வீட்டுலதான் இருக்கு, ரெண்டு கால்ல நடக்குது." கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த திருத்தம் துண்டு. வலது அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நாள் முழுக்கப் பழக வேண்டுமாம். ஹெக்டர் துண்டோடு கடைத்தெருவுக்குப் போனார். துண்டோடு சூப் குடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த பீனியின் முகம் வெளுத்தது.

"கை தூக்க வரலையா? வாய் கோணுதா? எங்க, சிரி பாப்போம்."

சிரித்தார். துண்டு சூப்பில் விழுந்தது.

"குளிர்ல தோள் பிடிச்சுக்கிச்சு பீனி, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நொண்டிக்கொண்டே வந்து தோளுக்குத் தைலம் தேய்த்தாள். வலிக்காத தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஹெக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"போட்டிக்குள்ள சரியாயிடணும் ஹெக்டர். நீ எப்பவும் போல அடிக்கணும்."

"எப்பவும் போலவா? நல்லா அடிக்க வேணாமா?"

"எப்பவும் போல" என்றாள் பீனி, இன்னும் அழுத்தித் தேய்த்தபடி.

எப்பேர்ப்பட்ட மனசு என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் பக்கத்து ஊருக்குப் போய்க் கை காய்த்துப்போகும்வரை அடித்தார். ஒரு பந்து நேராகப் போனது. அடுத்ததும் போனது. அப்புறம் எல்லாமே போனது.

சனிக்கிழமை கடற்காற்று முகத்தில் அறைந்தது. மேமி கிளப் வாசலில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பீனி கோட்டுப் பையில் பெப்பர்மிண்ட் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டு, வழக்கம்போல முன்னால் போய் முள்புதர் ஓரமாக நின்றாள். ஹெக்டர் குனிந்து பார்த்தார். விரல் முட்டி இரண்டு தெரிந்தன. ரொட்டியை அடுப்புக்குள் தள்ளினார்.

பந்து திடலின் நட்டநடுவே போய் விழுந்தது.

பீனி அதைப் பார்க்கவே இல்லை. பழக்கதோஷம். புதரைக் குச்சியால் விலக்க ஆரம்பித்துவிட்டாள். ஹெக்டர் ஓடி வந்து, "அங்க இல்ல, நடுவுல, நடுவுல!" என்று கைகாட்டினார். அவள் பந்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"நேராப் போயிடுச்சு."

"தெரியுது. ஏன்?"

"காத்து."

அவள் நொண்டி நொண்டித் திரும்பி வந்து பந்தை அடித்தாள். அழகான அடி. முன்னால் நடந்தாள்.

அடுத்தடுத்தும் அப்படியே. அவர் இங்கே நின்று அடித்தார், அவள் அங்கே நின்று அடித்தாள். அவர் போய்ச் சேரும்போது அவள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பாள். குழியருகே சந்தித்துக்கொண்டால், எதிராளி பந்தை உருட்டும் நேரம், வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் ஏழாவது குழிக்கு வந்தபோது ஹெக்டருக்கு என்னவோ போலிருந்தது.

ஏழாவது குழிப் புதருக்குள் இருந்துதான் மகளுக்குப் பெயர் முடிவு செய்தார்கள். கடையை விற்பதா வேண்டாமா என்று சண்டை போட்டதும் அதே புதரில். தேடும்போது பீனி அவர் முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்குவாள், மடையன் என்பாள், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுவாள், ஒரு பெப்பர்மிண்டை அவர் வாயில் போடுவாள். இன்று யாரும் அவரை மடையன் என்று சொல்லவில்லை.

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. பதினைந்தாவது மேடையில் கைகளைத் திருட்டுத்தனமாகப் பழைய மாதிரி திருப்பி வைத்தார். அடிக்கப் போகும் நொடியில் கைகள் தாமாகவே சரியான இடத்துக்கு நழுவின. பந்து நேராகப் போனது. பதினேழாவதிலும் முயன்றார். இன்னும் நேராகப் போனது. கேலம் கெட்டிக்காரன்தான். அவன் திருத்தியதைக் கெடுக்க ஆள் இல்லை.

கோப்பை அவர்களுக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பீனி அதை வாங்கி ஹெக்டரிடம் கொடுத்துவிட்டு, பிரிக்காத பெப்பர்மிண்ட் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"கால் வலிக்குதா பீனி?"

"இல்ல. இன்னிக்குக் கொஞ்சம்கூட வலிக்கல" என்றாள், யார்மேலோ புகார் சொல்கிற மாதிரி. ஜன்னல் வழியாகத் திடலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கோட்டை எடுத்துவரப் போனாள்.

மேமி தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். ஹெக்டர் கோப்பையோடு அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். பஸ், கேலம், விளக்கு, குடுவை, துண்டு எல்லாம்.

"அவ கடைசித் தடவை ஆடுறா மேமி. முள்ளுல கால் வைக்காம ஆடட்டும்னுதான் செஞ்சேன். முழு ஆட்டத்துல என்கிட்ட நாலு வார்த்தை பேசல. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

மேமி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரல் முட்டி தெரிந்தன. பெருமூச்சு விட்டாள்.

"எங்கப்பாவோட தூரக்கண்ணாடிக்கு இந்தத் திடல்ல எட்டாத ஒரே இடம் அந்த முள்புதர்தான், பந்து அங்க தவிர வேற எங்கயும் போகாத மாதிரி ஒரு பிடியைக் கண்டுபிடிக்க, அவ என் கையில துடைப்பத்தைக் குடுத்து ஒரு வாரம் ஒத்திகை பாத்தா, மடையா."