மதிப்பைக் குறைத்த பட்ஜெட் அண்ணாச்சி

ரூபாயின் மதிப்பைக் குறைக்கலாம் என்று டெல்லிக்கு யோசனை சொன்னவரே எங்கள் பட்ஜெட் அண்ணாச்சிதான். அவர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

பொய். டெல்லிக்கு அவரைத் தெரியாது. டெல்லி எந்த ரயில் லைனில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. நான் தலையாட்டியது மட்டும் நிஜம். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காதவன் வேறு என்ன செய்வான்? யார் பேசினாலும் தலையாட்ட வேண்டியதுதான்.

ஆனால் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்: நல்லது செய்து அவ்வளவு ஏச்சு வாங்கிய தலைவர் தாராவியில் வேறு ஒருவரும் கிடையாது.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு ரூம் இருந்தது. எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். எல்லாருக்கும் டேனரியில் தோல் வேலை. பாதிப் பேர் பகல் ஷிப்ட், பாதிப் பேர் ராத்திரி ஷிப்ட். பாய்கள் மட்டும் இரண்டு ஷிப்டும் பார்த்தன.

ரூமுக்கு ஒரு தலைவர் உண்டு. அண்ணாச்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், கூட்டம் நடந்தபோது அவர் கக்கூஸ் வரிசையில் நின்றதுதான். திரும்பி வந்தபோது தலைவராகியிருந்தார். டீயில் சர்க்கரை கூடப் போட்டால் “அவசியமாலே?” என்பார். கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும் “அவசியமாலே?” என்பார். பட்ஜெட் என்ற பெயர் அப்படி வந்தது.

ரூமின் பெரிய சொத்து ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே ஒரு டெர்லின் சட்டை, ஒரு கறுப்புக் கண்ணாடி, ஓடாத ஒரு வாட்ச், பாடாத ஒரு டிரான்சிஸ்டர். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவன் அத்தனையையும் மாட்டிக்கொண்டு போவான். வந்ததும் கழற்றி வைப்பான். அடுத்தவன் மாட்டுவான். சட்டை எனக்கு முழங்காலைத் தொடும். பம்பாய் பேஷன் என்று ஊரில் சொல்லிவிட்டேன். அதைப் பார்த்து இரண்டு பேர் அதே நீளத்துக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டீக்கடையில் அண்ணாச்சி பேப்பரை எழுத்துக் கூட்டி வாசித்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் டெல்லியை ஏசினார்கள்.

“எல்லாரும் ஏசுதீங்க. நான் கும்பிடுதேன்” என்றார் அண்ணாச்சி. “இல்லாத மதிப்ப இருக்கதாக் காட்டிக்கிட்டு எத்தன நாள் ஓட்டுவான்? வலிக்கத்தான் செய்யும். நம்மளும் கொறைக்கணும்.”

“நம்மகிட்ட கொறைக்க என்ன அண்ணாச்சி இருக்கு?” என்றேன்.

“பெட்டி இருக்குல்லா.”

அன்று சாயந்திரமே பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டு, தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். ரூமே எழுந்து கத்தியது. அவர் டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

“நீ ஊருல டிரான்சிஸ்டரத் தூக்கிட்டு நடக்க. அதப் பாத்து நாலு பேரு ரயிலேறி வந்து உம் பாயிலயே படுக்கான். வட்டிக்கு விடுத பட்டாணியங்கிட்ட கடன் வாங்கி ஊருக்குப் பிஸ்கட் டின்னு சுமக்க. இனிமே அவனவன் சொந்தச் சட்டையில போகணும். என்ன வேலன்னு கேட்டா உள்ளதச் சொல்லணும்.”

அப்புறம் அவரிடம் யாரும் பேசவில்லை. அவர் தட்டில் விழுகிற குழம்பில் மட்டும் உப்பு ஏறியது. சுடலை என்ற பையன்தான் முதலில் சொந்தச் சட்டையில் ஊருக்குப் போனான். “வேலையை விட்டு நிறுத்திட்டானுவளாலே?” என்று அவன் அம்மா கட்டிப்பிடித்து அழுதாளாம். ஊரே இரக்கப்பட்டு, அவன் திரும்பி வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. அண்ணாச்சி அதையும் வரவில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து மாட்டியவன் நான்.

எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். போன கொடையில் முளைப்பாரி தூக்கி வந்த வரிசையில் அவளைப் பார்த்திருந்தேன். அவள் கிடைப்பாளென்றால் நான் மந்திரியாகவும் தயார். என் சித்தப்பா அவ்வளவு தூரம் போகவில்லை. தோல் கம்பெனியில் மேனேஜர், மாட்டுங்காவில் மாடி வீடு என்பதோடு நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளையை நேரில் பார்க்கிறேன் என்று பெண்ணின் அப்பா பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார்.

மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை பார்த்த ஒரு நல்ல மனுஷர், ஒரு பகலுக்கு வீட்டை விட்டுத்தரச் சம்மதித்தார். அவர் வீட்டு நாற்காலியில் கால் மேல் கால் போட்டுப் பழகியும் பார்த்தேன். கால் வந்தது, நாற்காலிதான் வரவில்லை, சாய்ந்துவிட்டது. பாக்கி இருந்தது அண்ணாச்சி ஒருவர்தான். காலில் விழுந்தேன்.

“அண்ணாச்சி, ஒரு நாளைக்கு மட்டும் சட்டத்தத் தளத்துங்க. கல்யாணம் முடியட்டும், மதிப்ப அப்புறமாக் கொறைச்சுக்கிடுதேன்.”

“கல்யாணம் முடிஞ்சா அது தன்னால கொறைஞ்சிரும்லே. அதுக்கு நான் எதுக்கு?”

ரயில் வருவதற்குள் ஷிப்டை முடித்து, குளித்து, மாட்டுங்கா போய் உட்கார்ந்துவிடுவது என் திட்டம். சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் வரை நின்று தோலை உருவிக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணாச்சியின் குரல் கேட்டது.

“இந்தா நிக்காம்லா, இவந்தான் மாப்பிள்ள.”

தாதர் ஸ்டேஷனுக்கே போய்ப் பெண்ணின் அப்பாவைப் பிடித்து வந்துவிட்டார்! மாமா துண்டால் மூக்கைப் பொத்தியபடி என்னைப் பார்த்தார்.

“மேனேஜருன்னாங்க?”

“தொட்டி வேல. சம்பளம் ஒழுங்கா வருது. குடி கெடயாது. கடன் இப்பக் கெடயாது. படிப்பு எப்பவுமே கெடயாது.”

கடைசியையாவது விட்டிருக்கலாம்.

அதோடு விடவில்லை. ரூமுக்கும் கூட்டிப் போனார். “இதான் மாப்பிள்ளைக்குள்ள பாயி. இப்ப ராத்திரி ஷிப்டுக்காரன் தூங்குதான், மெல்ல வாங்க.” நான் சுண்ணாம்பு நாற்றத்தோடு வாசலில் நின்றேன். அவள் முகம், முளைப்பாரி, எல்லாம் என்னைவிட்டு ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தது. டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார் அண்ணாச்சி. மாமா குடித்தார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“சொன்னதுல பொய்யெல்லாம் கழிச்சாச்சு மாமா” என்றார் அண்ணாச்சி. “மிச்சம் நிக்கது இவந்தான். இதுக்குக் கீழ கொறைய மாட்டான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை. காலி டம்ளரில் மறுபடி தண்ணீர் மொண்டு, மாமாவுக்கென்று நீட்டி, தானே குடித்துவிட்டார். சட்டம் போடுகிறவருக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மாமா துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். வாயைத் திறந்து...

“ஏங்க! கத சொன்னது போதும், இங்க வாங்க. எங்கப்பா அன்னைக்குச் சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிட்டாரு, உங்க அண்ணாச்சிகிட்ட நான் கெடந்து மல்லுக்கட்டுதேன். மீன வச்சா ‘அவசியமா’ன்னு கேக்காரு. தட்டத் தள்ளி வச்சுட்டாரு!”

என் பெண்டாட்டி கூப்பிடுகிறாள். எங்களோடேயே இருக்கிற அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அதை வெளியே சொல்லவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ஏசுகிற மாதிரி ஏசிக்கொண்டே முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். போகிறேன், சோறு ஆறினால் அவருக்கு இறங்காது.